ரெண்டு குட்டி பியர்டட் டிராகன், ஒண்ணு மட்டும் கறுத்துக்கிட்டே போகுது. நிறம் மாறுதா, வேற ஏதாவதா?

மணல்வரி:

வணக்கம் எல்லாருக்கும். ஒரே ஈட்டுல பொரிஞ்ச ரெண்டு பியர்டட் டிராகன் (தாடி இருக்குற ஆஸ்திரேலிய ஓணான்) குட்டி வச்சிருக்கேன். மூணு மாசம் ஆகப்போகுது. வீட்டுக்கு வந்தப்ப எது எதுன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. ஒரே அளவு, ஒரே சாம்பல் பழுப்பு, முதுகுல ஒரே மாதிரி பட்டை. கொடுத்தவர் ரெண்டுமே சிவப்பு வம்சம், வளர வளர நிறம் ஏறும்னு சொன்னார்.

இப்போ ஒண்ணுக்கு கண்ணைச் சுத்தியும் தோள்லயும் ஆரஞ்சு தெரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னொண்ணு நேர் எதிர். நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே போகுது. முதுகு முழுக்க கருஞ்சாம்பல், வயித்துல முட்டை வடிவத்துல கறுப்பு வளையம், தாடைக்குக் கீழ கோடு கோடா இருக்கு. ஆளும் சின்னதாத் தெரியுது.

டேங்க் மூணடி நீளம். ஒரு பக்கம் வெயில் காயுறதுக்கு பாஸ்கிங் பல்ப், அதுக்குக் கீழ ஒரு மரக்கட்டை, மேல யூவிபி (புற ஊதா ஒளி) ட்யூப். சண்டைன்னு எதுவும் இல்லை. சொல்லப்போனா ரெண்டும் ரொம்ப ஒட்டுதல். பெரியது சின்னதோட முதுகு மேல ஏறிப் படுத்துக்கிட்டுத்தான் வெயில் காயும். சின்னது அப்பப்ப ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவா வட்டமா ஆட்டும்.

இந்தக் கறுப்பு அதோட உண்மையான நிறமா? சிவப்பு வராதா? இல்ல உடம்புக்கு ஏதாவதா?

செவ்வந்தி:

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

முட்டையிலிருந்து வரும் குட்டி சுமார் 10 செ.மீ. இருக்கும். அந்த வயதில் எல்லாமே மண்ணும் சருகும் கலந்த நிறம்தான், அதன் பாதுகாப்பே அதுதான். ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவர்களின் நிறம் மேலே வரும். பெரும்பாலும் தலை, கண் ஓரம், தோள் என்று தொடங்கி உடம்புக்கு இறங்கும். ஒரு வயது நெருங்கும்போதுதான் ஓரளவு நிலைபெறும், சிலவற்றில் அதற்குப் பிறகும் மாறும். மூன்று மாதக் குட்டியைப் பார்த்து "இது இந்த நிறம்தான்" என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. பெற்றோரின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதைவிடப் பயன்படும்.

பிறந்ததுமே தெரிபவை வேறு. ஹைப்போ (கறுப்பு நிறமி குறைந்த வகை) என்றால் நகங்கள் கறுப்புக் கோடு இல்லாமல் தெளிவாக இருக்கும். லெதர்பேக் என்றால் முதுகுச் செதில் வழவழப்பாக இருக்கும். டிரான்ஸ்லூசண்ட் குட்டிகளுக்குக் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். இவை மரபணுவில் வருபவை. சிவப்பு, சிட்ரஸ் (மஞ்சள் வம்சம்) எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைத்துக் கொண்டுவந்தவை. அதனால் ஒரே ஈட்டில் ஒன்று செக்கச்செவேல் என்றும் இன்னொன்று வெளிர் மஞ்சளாகவும் வருவது சகஜம்.

ஆனால் எந்த வம்சமும் ஒரு குட்டியை நாளுக்கு நாள் கறுக்க வைக்காது. நீங்கள் சொல்லும் வயிற்று வளையம்தான் எனக்கு உறுத்துகிறது. அது நிறம் ஏறுவது அல்ல.

கல்லோணான்:

செவ்வந்தி சொன்னதுதான். வயித்து வளையம், தாடைக் கோடு ரெண்டும் மன அழுத்தத்தோட அடையாளம். புது வீட்டுக்கு வந்த முதல் சில நாள் எல்லாக் குட்டிக்கும் வரும், போயிடும். வாரக்கணக்கா நின்னா அதுக்கு ஒரு காரணம் கண் முன்னாடியே இருக்குன்னு அர்த்தம். உங்க டேங்க்ல அது இன்னொரு குட்டி.

ஒட்டுதல்னு நீங்க சொல்றது ஒட்டுதல் இல்லைங்க. மேல ஏறிப் படுக்குறது வெளிச்சத்தையும் சூட்டையும் பிடிச்சுக்குறது. மேல இருக்குறதுக்குப் பல்ப், யூவிபி ரெண்டும் நேரா விழும், கீழ இருக்குறதுக்கு நிழல். கை ஆட்டுறது "நான் உன்கூட மோத வரலை"ன்னு பெரியதுகிட்ட சொல்றது. பெரியது தலையை வேகமா மேல கீழ ஆட்டுதான்னு பாருங்க. ரெண்டும் சேர்ந்து நடந்தா டேங்க்ல யாரு மேல யாரு கீழன்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு.

சண்டை இல்லைன்னு நிம்மதியா இருக்காதீங்க. சின்னது விட்டுக்கொடுத்துட்டதாலதான் சண்டை இல்லை.

தாழைமடல்:

நிறம் மாறுவதில் ரெண்டு வேலை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குட்டி சொல்வது இன்னும் தெளிவாகும்.

தோலில் மெலனின் நிறைந்த செல்கள் உண்டு. அந்த நிறமி செல் முழுக்கப் பரவினால் தோல் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளிறும். குளிராக இருக்கும்போது முதுகைக் கறுப்பாக்கி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், சூடேறியதும் வெளிறிவிடும். காலையில் விளக்கு போட்டதும் உட்கார்ந்து பார்த்தால் இந்த மாற்றம் நம் கண்ணெதிரே நடக்கும்.

தாடியும் (தொண்டைத் தோல்) மார்பும் வேறு கணக்கு. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். வெப்பம் மாறும்போது முதுகின் நிறம் மாறியது, தொண்டை அதற்கு அசையவில்லை. இன்னொரு டிராகனை எதிரில் வைத்தபோது தொண்டையும் மார்பும் மாறின, முதுகு மாறவில்லை. அதாவது முதுகு உடம்புச் சூட்டுக்கு, தாடி எதிரில் நிற்பவருக்கு.

உங்கள் சின்னதுக்கு முதுகும் கறுப்பு, தாடைக்குக் கீழும் கறுப்பு. அதற்குச் சூடும் போதவில்லை, பக்கத்தில் இருப்பவரும் ஒத்துவரவில்லை. அப்படித்தான் நான் வாசிக்கிறேன்.

முட்டைப்பெட்டி:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லிக்கொள்கிறேன். நான் பல வருடமாக ஈடு எடுக்கிறவன். ஒரே ஈட்டுக் குட்டிகளை முதல் சில வாரம் சேர்த்துத்தான் வளர்க்கிறேன், எல்லா பிரீடரும் அதையேதான் செய்கிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று பாய்ந்து தின்னும், நன்றாக வளரும். சேர்த்து வைத்தாலே கொடுமை என்கிற மாதிரி பேசுவது சரியில்லை. டேங்க் பெரிதாக்கி, இன்னொரு பாஸ்கிங் இடம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கல்லோணான்:

> ஒரே ஈட்டுக் குட்டிகளை முதல் சில வாரம் சேர்த்துத்தான் வளர்க்கிறேன்

அண்ணா, உங்க அனுபவத்தை மறுக்கலை. ஆனா நீங்க செய்யுறதும் வீட்டுல ரெண்டு வைக்குறதும் ஒண்ணு இல்லை. உங்ககிட்ட ஒரு தொட்டியில பத்துப் பதினஞ்சு இருக்கும். வெயில் காய நாலஞ்சு இடம். நாள் முழுக்கத் தீனி. கொஞ்சம் பெருசானதை உடனே எடுத்து அதே அளவு இருக்குற தொட்டிக்கு மாத்திடுவீங்க. அப்பவும் வால் நுனியோ விரலோ கடிபட்ட குட்டி உங்க ஈட்டுல இருக்கும், இல்லைன்னு நீங்களே சொல்ல மாட்டீங்க.

ரெண்டே ரெண்டு இருந்தா பெரியதோட கவனம் முழுக்க அந்த ஒண்ணு மேலதான். ஓடிப்போய் ஒளியக் கூட்டம் இல்லை. என் கணக்குல பத்து சேர்ந்து இருக்குறதைவிட ரெண்டு சேர்ந்து இருக்குறது மோசம்.

மணல்வரி, மூணு விஷயம் பாருங்க. ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க. கட்டை மேல சூடு எவ்வளவுன்னு அளந்து பாருங்க. விளக்கு போட்ட முதல் ஒரு மணி நேரம் தள்ளி நின்னு யாரு எங்க போறாங்கன்னு கவனிங்க.

மணல்வரி:

நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். பெரியது 62 கிராம், சின்னது 34 கிராம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நினைக்கலை.

விளக்கு போட்டதும் பெரியது நேரா கட்டை மேல ஏறி நாலு காலையும் பரப்பிக்கிட்டு தட்டையாப் படுத்துக்குது. சின்னது கட்டைக்குக் கீழ தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மேல ஏற வந்தா பெரியது திரும்பிக்கூடப் பார்க்கலை, வாலை மட்டும் லேசா அசைச்சது. இது உடனே இறங்கிடுச்சு. கிரிக்கெட் பூச்சி விட்டப்பவும் பெரியது தின்னு ஓய்ஞ்சப்புறம்தான் இது வெளிய வந்துச்சு.

பெரியதை ஒரு டப்பாவுல எடுத்து வேற அறையில வச்சேன். சின்னது கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் மெதுவா கட்டை மேல ஏறி, விலா எலும்பை விரிச்சு, பல்பை நோக்கி முதுகைச் சாய்ச்சுப் படுத்துச்சு. நான் பார்த்துக்கிட்டே இருக்கும்போதே கழுத்துல இருந்து நிறம் வெளிற ஆரம்பிச்சுது. அரை மணி நேரத்துக்குள்ள முதுகுப் பட்டை ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. பட்டைக்கு நடுவுல மஞ்சள் இருக்கு! இத்தனை நாள் அது எனக்குத் தெரியவே இல்லை.

கட்டை மேல 41 டிகிரி. கீழ நிழல்ல 28. இன்னொண்ணு, சின்னதோட வால் நுனி ஒரு செ.மீ. அளவுக்குக் காஞ்சு கறுத்திருக்கு. இதுவும் மன அழுத்தமா?

நீர்க்கொடி:

மணல்வரி, வால் நுனியைத் தள்ளிப்போடாதீர்கள். நான் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், ஊர்வன அடிக்கடி வரும்.

மன அழுத்தக் கறுப்பு வரும், போகும். ஒரே இடத்தில் நின்று, காய்ந்து, தொட்டால் விறைப்பாக இருக்கும் கறுப்பு வேறு. கடிபட்டோ, உரிந்த தோல் வளையமாக இறுக்கியோ ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். பல்லிக்கு வால் முளைப்பதுபோல் பியர்டட் டிராகனுக்கு முளைக்காது. அழுகல் மேலே ஏறினால் நல்ல பகுதியோடு சேர்த்து வெட்ட வேண்டி வரும். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். விரல்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், அங்கும் தோல் சிக்கும்.

போகும்போது ரெண்டின் எச்சத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி இவற்றில் மிக அதிகம். எச்சம் வழியாகவே பரவும். நல்ல எடையில் இருக்கும் குட்டி அதைச் சமாளித்துக்கொண்டு வெளியே தெரியாமல் இருக்கும், அழுத்தத்தில் இருக்கும் குட்டியிடம்தான் அது பெருகும். அடினோவைரஸும் அப்படித்தான், அறிகுறியே இல்லாமல் சுமந்துகொண்டு திரியும். ஒரே டேங்கில் இருந்தால் ஒன்றுக்கு இருப்பது ரெண்டுக்கும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறம் பற்றிய இழை என்பதால் இதையும் சொல்கிறேன். தோலில் மஞ்சளாக, செதில் தடித்துப் பொருக்கு தட்டிய திட்டு வந்தால் "நிறம் ஏறுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். பூஞ்சைத் தொற்று அப்படித்தான் தொடங்கும், அது தொற்றும், உயிருக்கே ஆபத்து. உங்கள் குட்டியின் மஞ்சள் சூடேறும்போது வந்து குளிரும்போது மறைகிறது, அதனால் அது தோலின் நிறம்தான். பயப்பட வேண்டாம்.

இளவெயில்:

புதியவள், ஒரு சந்தேகம். பிரித்தால் ரெண்டும் தனிமையில் வாடாதா? பொரிந்த நாளிலிருந்து ஒன்றாக இருந்தவை ஆயிற்றே. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் சேர்த்து வைக்கலாம் என்றும் படித்தேன்.

கல்லோணான்:

வாடாதுங்க. காட்டுல தாய் மண்ணைத் தோண்டி முட்டை போட்டு மூடிட்டுப் போயிடும், திரும்பி வராது. குட்டி வெளிய வந்ததும் தனியாப் பிழைக்குறதுதான். ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பூமியில ஆளுக்கு ஒரு கம்பம், ஒரு பாறைன்னு பிடிச்சுக்கிட்டு உட்காரும். இன்னொண்ணு பக்கத்துல வந்தா தாடியைக் கறுப்பாக்கி விரட்டும். துணை வேணும்னு ஏங்குறது நாம, அதுங்க இல்லை.

ஆண் பெண் ஜோடி இன்னும் சிக்கல். ஆண் விடாமத் துரத்தும், கழுத்தைக் கடிச்சுப் பிடிக்கும். முழு வளர்ச்சி வராத பெண் கருவுற்றா உடம்புல இருக்குற கால்சியம் எல்லாம் முட்டைக்குப் போயிடும், எலும்பு போயிடும். ரெண்டு ஆண்னா நேரடிப் போர். ரெண்டு பெண் சில இடத்துல தாக்குப்பிடிக்கும், அதையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தாழைமடல்:

மூன்று மாதத்தில் ஆணா பெண்ணா என்று சொல்வதே கஷ்டம். வாலை மெதுவாகத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். குதத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் புடைப்பு இருந்தால் ஆண், நடுவில் ஒன்று என்றால் பெண். குட்டிகளில் தவறாகப் போக நிறைய வாய்ப்பு. வாலை வேகமாக வளைத்தால் தண்டுவடத்தில் அடிபடும், அதனால் அவசரமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இவற்றில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு இசட், டபிள்யூ. ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூட்டில் அடைகாக்கப்பட்டால், மரபணுப்படி ஆணாக இருக்க வேண்டியதும் பெண்ணாகப் பொரியும். 2007இல் இதை ஆய்வகத்தில் காட்டினார்கள். 2015இல் காட்டிலேயே அப்படிப்பட்ட பெண்கள் வாழ்வதைக் கண்டுபிடித்தார்கள், அவை முட்டையும் இடுகின்றன. எந்தச் சூட்டில் அடைகாத்தார்கள் என்பது ஈடு எடுத்தவருக்குத்தான் தெரியும்.

முட்டைப்பெட்டி:

நான் 29இல் வைக்கிறேன்.

கல்லோணான் தம்பி கேட்டதுக்குப் பதில்: ஆமாம், ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றிரண்டு வால் நுனி போகத்தான் செய்கிறது. தீனி போடத் தாமதமானால் உடனே தெரியும், ஆடுகிற விரலும் நுனியும் அவற்றுக்குப் பூச்சி மாதிரித்தான். ஆறு வாரத்துக்கு மேல் நானும் சேர்த்து வைப்பதில்லை. ஜோடியாகக் கேட்பவர்களுக்கு ரெண்டு டேங்க் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். மணல்வரிக்குக் கொடுத்தவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். 62க்கு 34 என்றால் இனி இன்னொரு பாஸ்கிங் இடம் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரித்துவிடுங்கள்.

மணல்வரி:

பிரிச்சாச்சு. சின்னதைப் பழைய டேங்க்லயே விட்டுட்டு பெரியதைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாத்தினேன், தற்காலிகமா. ரெண்டாவது டேங்க் தயார் பண்ணணும். எதை எந்த அளவுல வைக்கணும்னு சொல்லுங்க, ஒரே தடவையில சரியா வச்சுடலாம்னு பார்க்குறேன்.

செவ்வந்தி:

ஒரே தடவை என்றால் வளர்ந்தபின் தேவைப்படும் அளவுக்கே போய்விடுங்கள். முழு வளர்ச்சியில் 45 முதல் 60 செ.மீ. வரும், பாதிக்கு மேல் வால்தான். ஒன்றுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். குட்டிக்கு இது பெரிது என்பார்கள். ஒளிய இடமும் ஏறக் கட்டையும் நிறைய வைத்தால் பெரிதில்லை, தீனியை மட்டும் கண்ணெதிரே கொடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். பாஸ்கிங் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி, மறுகோடியில் 25 முதல் 28. மேற்பரப்பை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள், கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டரை நம்பவே வேண்டாம். இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும், சிவப்பு பல்பும் கூடாது. அறை 18க்குக் கீழே போகாதவரை இரவுக்கு வேறு சூடு தேவையில்லை.

யூவிபிதான் உயிர்நாடி. டேங்க் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 (மெல்லிய வகை) ட்யூப், யூவிபி 10 முதல் 12 சதவீதம் என்று போட்டது, பாஸ்கிங் பக்கமே இருக்கட்டும். கண்ணாடி வழியாக யூவிபி வராது. கம்பி வலை மூடியும் கணிசமாகத் தடுக்கும், அதனால் ட்யூபை உள்ளே பொருத்த முடிந்தால் நல்லது. எரிகிறதே என்று இரண்டு வருடம் ஓட்டாதீர்கள், வெளிச்சம் இருக்கும், யூவிபி போயிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சின்னதுக்கு: பூச்சி அதன் இரு கண்ணுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிடப் பெரிதாக வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னுமளவு. மீந்த கிரிக்கெட்டை இரவில் உள்ளே விடாதீர்கள், அது குட்டியைக் கடிக்கும். கால்சியம் பவுடர் தூவுங்கள். பொடியாக நறுக்கிய கீரையும் தினமும் வையுங்கள், தொடாவிட்டாலும் வையுங்கள்.

தரைக்கு இப்போதைக்கு பேப்பர் டவல். எச்சத்தைக் கண்காணிக்க அதுதான் வசதி.

மணல்வரி:

ரெண்டாவது டேங்க் வந்துடுச்சு, பக்கத்து பக்கத்துல வச்சிருக்கேன். சின்னது 51 கிராம் ஆயிடுச்சு! வயித்து வளையம் மங்கிடுச்சு. நிறம் சிவப்பு இல்லை, இளமஞ்சள், கண்ணோரம் மட்டும் லேசா பிஞ்சு ஆரஞ்சு. எனக்கு அதுவே போதும்.

மருத்துவர்கிட்ட காட்டினேன். வால் நுனி காஞ்சு நின்னுடுச்சு, மேல ஏறலை, இப்போதைக்கு வெட்ட வேண்டாம்னாங்க. எச்சத்துல ரெண்டுக்குமே காக்சிடியா, மருந்து கொடுத்திருக்காங்க.

ஒரு புது விஷயம். பெரியது ரெண்டு நாளா கண்ணாடியைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு, தாடி கறுப்பு. சின்னது அந்தப் பக்கம் திரும்பிக் கை ஆட்டுது.

கல்லோணான்:

ஒண்ணை ஒண்ணு பார்க்குது, அவ்வளவுதான். நடுவுல ஒரு அட்டையை வச்சு முழுக்க மறைங்க, பெயிண்ட் அடிச்சாலும் சரி. மறைச்சப்புறமும் பிறாண்டினா அதோட பிம்பத்தையே பார்க்குதுன்னு அர்த்தம். பக்கவாட்டு, பின்பக்கக் கண்ணாடிக்கும் வெளிய இருந்து பேப்பர் ஒட்டிடுங்க.

நீர்க்கொடி:

51 கிராம் என்று படித்ததும் எனக்கும் சந்தோஷம்.

மருந்து முடியும் வரை சுத்தம் மருந்தளவு முக்கியம். காக்சிடியா முட்டை பிளீச்சுக்குச் சாகாது, இதில்தான் நிறையப் பேர் மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். எச்சம் போட்ட உடனே பேப்பரை எடுத்துவிடுங்கள். பீங்கான், கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி ஸ்டீம் கிளீனர் காட்டுங்கள். ரெண்டும் ஏறி இறங்கிய அந்த மரக்கட்டையைத் தூக்கிப் போடுங்கள், துளைக்குள் இருப்பதை எடுக்க முடியாது. புதிதாக வைப்பது கழுவக்கூடிய கல்லாக இருக்கட்டும்.

ரெண்டு டேங்குக்கும் தனித்தனி இடுக்கி, தனித்தனி தட்டு. முதலில் சின்னதைக் கவனித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பெரியதுக்குப் போங்கள். ஒன்றிடம் மீந்த பூச்சியை மற்றதுக்குப் போடாதீர்கள். மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து ரெண்டின் எச்சத்தையும் மறுபடி பரிசோதிக்கக் கொடுங்கள், முடிவை இங்கே போடுங்கள்.